புது அறைக்கு நிரப்பிய மண்

என் இளைய மகள் வெளியூரில், கல்லூரி விடுதியிலேயே தங்கிப் படிக்கிறாள். முதன்மைப் பாடம் வணிகவியல், துணைப்பாடம் சுற்றுச்சூழல் அறிவியல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். துணைப்பாடம் என்றால் என்னவென்று கேட்கவே கூச்சமாக இருந்தது. மரம் நடச் சொல்லித் தருவார்கள், பிளாஸ்டிக் பொறுக்கச் சொல்வார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

மூத்தவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அழைத்துவர நாள் குறித்தாயிற்று. அவளுக்காக வீட்டின் பின்னால் ஓர் அறை கட்டினேன். மணவாளக்குறிச்சிப் பக்கம், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. எங்கள் தென்னை விளையில், அதாவது தோப்பில், எங்கே தோண்டினாலும் கறுப்பு மண்தான் வரும். கனமான மண், தண்ணீர் விட்டு மிதித்தால் இறுகிக்கொள்ளும். அதையே கூடை கூடையாகச் சுமந்து தரையை நிரப்பினேன். மேலே சிமெண்ட் பூசுவது மட்டும் பாக்கி.

விடுமுறைக்கு வந்த இளையவள் கல்லூரியிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு கருவி கொண்டுவந்திருந்தாள். அவரவர் ஊரில் கதிர்வீச்சை அளந்து வரச் சொல்லியிருந்தார்களாம். முன்னறையில் வைத்தபோது விட்டு விட்டு டிக் என்றது. “பல்லி சொல்லுதுட்டி, நல்ல காரியம் நடக்கும்” என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தோம்.

புது அறையில் வைத்ததும் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல அது பொரிய ஆரம்பித்தது. டிக் கூடக்கூடக் கதிர்வீச்சு அதிகம் என்றாள் இளையவள்.

யாரும் கொண்டுவந்து கொட்டியதல்ல, இந்தக் கறுப்பு மண்ணிலேயே இயற்கையாக இருப்பதுதான் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். எனக்குப் பாதி காதில் ஏறவில்லை.

“வயித்துப் பிள்ளைக்குக் கேடு உண்டா மக்கா?”

தெரியவில்லை என்று சொல்லிவிட்டு ஆசிரியைக்கு போன் செய்தாள். கேடு வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது, தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பது நல்லது என்றாராம் அவர்.

எங்கள் வீட்டில் பிள்ளை நிற்கப் பழகும் வயதில் விளையில் இடுப்பளவு குழி தோண்டி, அதில் நிறுத்தி, சுற்றிலும் மண்ணைத் தள்ளிவிடுவோம். கால் உறுதிப்படும் என்பார்கள். வெயிலில் சூடேறிய அதே கறுப்பு மண். இரண்டு பிள்ளைகளையும் என் கையாலேயே நிறுத்தினேன். இளையவளை நிமிர்ந்து பார்த்தேன். அவளுக்கும் அந்த நினைப்பு வந்திருக்க வேண்டும், கருவியை அணைத்துவிட்டாள்.

பேசாமல் மாப்பிள்ளை வீட்டிலேயே பிரசவம் பார்க்கட்டும் என்றாள் மனைவி. சம்பந்தியம்மாவிடம் என்ன காரணம் சொல்வது? நல்ல சேதி சொல்லவே எனக்கு நாக்கு எழாது. கடைசியில் இளையவள்தான் அக்காவை அழைத்து எல்லாவற்றையும் சொல்லி, போனை என் காதில் வைத்தாள்.

“குழிக்குள்ள நின்ன காலுதாம்ப்பா இது, இப்பவும் நல்லாத்தான் நடக்குது. நீங்க மண்ண மாத்துங்க. நான் வருவேன்.”

மறுநாளே தோண்டினேன். நிரப்பும்போது கனம் தெரியாத மண், அள்ளும்போது தோளை அறுத்தது. தக்கலைப் பக்கமிருந்து செம்மண் வரவழைத்து நிரப்பினோம். இளையவள் மறுபடி அளந்தாள். டிக் என்றது. வெகுநேரம் கழித்து இன்னொரு டிக். நிற்கவே நிற்காதா என்று கேட்டேன். எந்த ஊரிலும் நிற்காதுப்பா என்றாள்.

குறித்த நாளில் மூத்தவள் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்து வந்தாள். முற்றம் முழுக்கக் கறுப்பு மண். அறையின் மண்ணை மாற்றிய எனக்கு முற்றம் நினைவுக்கே வரவில்லை.

அவள் புது அறையைச் சுற்றிப் பார்த்தாள், பிடித்துவிட்டது. பிறகு ஜன்னல் வழியாக விளையைப் பார்த்தபடி, “பிள்ளை நிக்கப் பழகும்போது குழி எங்கப்பா தோண்டுவீங்க?” என்று சாதாரணமாகக் கேட்டாள்.

இளையவள் என்னைப் பார்த்தாள். மிச்சமிருக்கிற செம்மண் ஒரு குழிக்குப் போதுமா என்று பார்க்க நான் வெளியே போனேன்.