தவமலரின் கூறு

கனடாவில் நாங்கள் வழமையாகப் போகும் ஸ்காபரோ இறைச்சிக் கடையில் இப்போது இலக்கத் துண்டு கொடுக்கிறார்கள். போன ஞாயிறு எனக்கு வந்தது எழுபத்திரண்டு. சுவரில் ஐம்பத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நிற்பது எனக்குச் சரிவராது. மரக்கறிப் பக்கம் போனேன், கருவாட்டை மணந்து பார்த்தேன், ஒரு கட்டு முளைக்கீரையின் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். உள்ளே வாள் எலும்பை அறுத்தது. எலும்பு சூடேறும்போது ஒரு கருகல் மணம் வருமே, அது மூக்கில் ஏறியதும் நான் கடையில் இல்லை.

"அண்ணை, உங்கட நம்பரைத்தான் ரெண்டு தரம் கூப்பிட்டாச்சு" என்று பின்னால் நின்ற பெண் என் தோளைத் தட்டினாள்.

நம்பர். நாங்கள் இறைச்சி வாங்கிய காலத்தில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போதும் ஸ்காபரோதான், பதினோராம் மாடியில் நாலு பேர் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். சூப்பர் மார்க்கெட்டில் பொலித்தீன் சுற்றிய சிவப்புத் துண்டுகள் இருந்தன. அவற்றில் எலும்பும் இல்லை, மணமும் இல்லை. எந்த மிருகம் என்பதை மேலே ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு, என் அறைத்தோழன் தேவனின் பழைய வான் வண்டியில் ஸ்ரௌவ்வில் பக்கமிருந்த ஒரு பண்ணைக்குப் போவோம். வானுக்குப் பின் சீற் கிடையாது. வெங்காய மூட்டை மாதிரி ஆளோடு ஆள் சாய்ந்துகொண்டு போகவேண்டும்.

பண்ணைக்காரர் வயதான இத்தாலியர். முன்னால் சிறிய மரக்கறிக் கடை, மண் காயாத உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், தக்காளி. பின்னால் ஆட்டுப் பட்டி. நாங்கள் காட்டும் கிடாயைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் அடித்து உரித்துத் தருவார். தலையையும் குடலையும் நாங்கள் கேட்டபோது காசே வாங்கவில்லை. கேட்கிற ஆட்களைப் பார்த்துப் பயந்தாரோ என்னவோ.

ஆடு உரிபடும் வரை மற்றவர்கள் தக்காளிப் பெட்டிகளில் குந்தியிருந்து சிகரெட் பிடிப்பார்கள். நான் வேலியைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். "உவன் ஒருக்கால் இருந்தானெண்டால் ஆடும் ஆறுதலாச் சாகும்" என்பார் சிவம் அண்ணை.

சிவம் அண்ணை கீழ்மாடிக்காரர், பாண் பேக்கரியில் வேலை. ஊரில் நாலு வீடு சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு இறைச்சி போட்டுப் பழகிய மனிதர், எங்களுக்கு அவர்தான் தலைவர். என்னுடைய அந்தரம் என்னவென்று அவருக்கும் தெரியும். கல்யாணம் கட்டி ஆறு மாதத்தில் நான் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டேன். மனைவி கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். விசாக் கந்தோரில் பைல் இருக்கிறது என்பார்கள், பார்க்கிறோம் என்பார்கள், பிறகு ஒரு சத்தமும் இருக்காது. நான் பண்ணையில் நிற்கும்போதுதான் விசாக் கடிதம் வந்து தபால்பெட்டியில் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றும். தபால்காரருக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பது மண்டையில் ஏறாது. திரும்பி வந்ததும் ஆட்டுக் காலைப் போட்டுவிட்டுப் பெட்டியைத் திறக்க ஓடுவேன்.

பிறகு கூறு போடுதல். நிலத்தில் பொலித்தீன் விரித்து, தேவன் வெட்டி வெட்டிக் குவிப்பான். ஒவ்வொரு கூறிலும் ஈரல் கொஞ்சம், எலும்பு கொஞ்சம், கொழுப்பு கொஞ்சம். எப்படித்தான் சமனாகப் போட்டாலும் ஒருவருடைய கண் மற்றவருடைய கூறில்தான் இருக்கும். ஆகவே சிவம் அண்ணை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். தேவன் ஒரு கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பான். அண்ணை பார்க்காமலே ஒரு பெயர் சொல்லுவார். அந்தக் கூறு அந்தப் பெயருக்கு. அதற்குமேல் கதையில்லை.

மொத்தம் ஏழு பங்கு. என்னால் எட்டானது. முதல் நேர்முகத்துக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்த மாதம் அது. "எனக்கு ரெண்டு போடுங்கோ அண்ணை, அவ எந்த நேரமும் வந்திடுவா" என்று சொல்லிவிட்டேன். சொன்னதை அடுத்த மாதம் குறைக்கப் பயமாக இருந்தது. குறைத்தால் அவள் வரமாட்டாள் என்று மனம் சொல்லியது. படித்த மனிதனுக்கு இது அழகா என்று கேட்காதீர்கள். பொதியில் அவள் பெயரை மார்க்கரால் எழுதி பிறீசரில் வைப்பேன். மூன்று மாதம் தாண்டினால் தேவன் கறியாக்கிவிடுவான். "அக்கா கோவிக்கமாட்டா அண்ணை" என்பான், என்னமோ அவளோடு கதைத்தவன் மாதிரி.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு இறைச்சி பெரிதில்லை. எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் பெண்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. நானும் "இஞ்சாரும்"தான். ஆனால் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு சிவம் அண்ணை பேக்கரிக் குரலில் "தவமலருக்கு" என்பார். இந்த ஊரில் அவளுடைய பெயரை ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்வது மாதத்தில் அந்த ஒரு தரம்தான். அதைக் கேட்கத்தான் இரண்டு பங்குக்குக் காசு கொடுத்தேன்.

ஒரு பங்குனி மாதத்தில் வந்து சேர்ந்தாள். அதே கட்டிடத்தில் ஒற்றை அறை எடுத்திருந்தேன். இரண்டு பொதியை உடைத்து எலும்புக் குழம்பு, பிரட்டல், ஈரல் வறை என்று அடுப்போடு மல்லுக்கட்டி வைத்திருந்தேன். அவள் சோற்றையும் பருப்பையும் மட்டும் பிசைந்தாள்.

"ஏன், உறைப்போ?"

"நான் மச்ச மாமிசம் விட்டிட்டனப்பா. விசா கிடைச்சால் ஆயுசுக்கும் தொடமாட்டன் எண்டு பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சனான்."

"எப்ப வைச்சனீர்?"

"முதல் நேர்முகத்துக்கு முதல்நாள்."

நான் எழுந்து பிறீசரைத் திறந்து மிச்சமிருந்த ஒரு பொதியை அவள் கையில் கொடுத்தேன். தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம். குழம்பு முழுவதையும் தேவன் வந்து தின்றான்.

அடுத்த முறை கூறு போடுதல் எங்கள் வீட்டில். "எனக்கு இனி ஒண்டு போதும், அவ மச்சம் விட்டிட்டா" என்றேன். சிவம் அண்ணை தலையாட்டிவிட்டுச் சுவருக்குத் திரும்பினார். தேவன் நாலாவது கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்றான்.

"தவமலருக்கு" என்றார் அண்ணை, பழக்கத்தில்.

"ஓம், வாறன்" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்று, "கூப்பிட்டனீங்களே அண்ணை?" என்றாள்.

அத்தனை மாதமும் கூப்பிட்ட பெயருக்கு அன்றுதான் பதில் வந்தது. தேவன் கத்தியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தான். சிவம் அண்ணை திரும்பாமலே, "பேரை வெட்டாதையுங்கோ. தேவன், தவமலர்ப் பிள்ளைக்கு மரக்கறியில ஒரு கூறு போடு" என்றார்.

அதற்குப் பிறகு ஆட்டு இறைச்சிக் கூறுகளுக்குக் கொஞ்சம் தள்ளி, தனிப் பேப்பரில் அவளுக்கும் ஒன்று. கத்தரிக்காய், தக்காளி, பிறகு கீரை. அந்தக் கீரையைக் கண்டுபிடித்தவள் அவள்தான். ஒருமுறை எங்களோடு பண்ணைக்கு வந்து, ஆட்டைப் பார்க்கமாட்டேன் என்று சோளக் காட்டுப் பக்கம் போனவள் மடி நிறைய முளைக்கீரையோடு திரும்பினாள். இத்தாலியருக்கு அது களை. பிடுங்கிவிட்டதற்கு நன்றி சொன்னார்.

எல்லாம் நாலைந்து வருடம்தான். எங்கள் ஆட்களின் கடைகள் பிளாசாவுக்குப் பிளாசா வந்தன. வெட்டிக் கழுவித் தரும்போது யார் அவ்வளவு தூரம் போவார்கள்? வான் பழுதாகிப்போனது. தேவன் பிறம்ரனில் ட்ரக் ஓடுகிறான். சிவம் அண்ணை இப்போது இல்லை. பண்ணை இருந்த இடத்தில் ஒரே அச்சில் வீடுகள். அங்கே மகள் ஒன்று வாங்கியிருக்கிறாள், ஆட்டுப் பட்டி எந்தத் தெருவுக்குள் போனது என்று எனக்குப் பிடிபடவில்லை. தவமலர் பிள்ளைகளுக்கு அம்மா, கோயிலில் அன்ரி, டொக்ரரிடம் என் பெயரோடு மிஸிஸ். எனக்கு இஞ்சாரும்.

எழுபத்திரண்டாம் நம்பருக்கு ஒரு கிலோ இறைச்சி வாங்கினேன். திரும்பிப் போய் அந்த விலைகூடிய கீரைக்கட்டையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று, சிவம் அண்ணையைப் போல உரத்துக் கூப்பிட்டேன்.

"தவமலர்."

குசினியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"என்னப்பா, ஆருக்கு என்ன நடந்தது?"