நாணலை விலக்கிப் பார்ப்பவள்

அரிவாளை முதுகுப்புறம் இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளாலும் நாணலை மெல்ல விலக்கி, முகத்தை உள்ளே நுழைத்துப் பார்க்கிறாள். இடுப்பளவு தண்ணீர். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அரிவாள் வெளியே வரும். அடுத்த புதருக்கும் இதே மரியாதை. கூட வேலை செய்யும் பெண்கள் இவளுக்கு டாக்டரம்மா என்று பேர் வைத்திருக்கிறார்கள். புதருக்கெல்லாம் நாடி பார்த்து முடித்தாயிற்றா என்று கரையிலிருந்து கேட்பார்கள். "உனக்குத்தான் பாக்கணும், நாக்கு நீண்டுபோச்சு" என்று இவளும் விடமாட்டாள்.

நகரத்தின் நடுவே சாக்கடையாகக் கிடந்த ஏரியை மீட்டெடுக்கிறார்கள். ஆகாயத்தாமரையை வாருவதும், மண்டிப்போன நாணலைக் குறைப்பதும் இவர்கள் வேலை. காலையில் வந்ததும் முழங்கால் வரை தேங்காய் எண்ணெய் தடவி, செத்துப்போன புருஷனின் முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு இறங்குவாள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெற்றிலைப் பொட்டலம் இருக்கும். அது நனைந்துவிடக் கூடாது என்பதற்காகவே கொஞ்சம் விறைப்பாக நடப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் எல்லாரையும் போல அடியைப் பிடித்துச் சரசரவென்று அறுத்தவள்தான். பறவை இருந்தால் சத்தம் கேட்டுப் பறந்துவிடும் என்று நினைத்திருந்தாள். ஒரு புதருக்குள் நீர்க்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அரிவாள் கிட்டே வந்தும் அது எழவில்லை. அந்த ரத்தத்தைக் கழுவிய கை, அதற்குப் பிறகு பார்க்காமல் எதையும் அறுத்ததில்லை.

இப்படித் தடவித் தடவி வேலை செய்தால் எப்போது முடிப்பது என்று மேஸ்திரி ஒருநாள் சத்தம் போட்டார். "குஞ்சு பொரியிற நேரத்துல அது எந்திரிக்காதுண்ணே. மெஷின் வந்தப்ப நானும்தான் எந்திரிக்கல" என்றாள். அவருக்கு விஷயம் தெரியும். ஏரியை மீட்க வந்தவர்கள் முதலில் எடுத்தது கரையோர வீடுகளைத்தான், அதில் ஒன்று இவளுடையது. மகளுக்கு அன்று நல்ல காய்ச்சல். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தலைக்கு மேல் கூரையைப் பிரிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். இப்போது ஊர்க்கோடியில் ஒரு அடுக்குமாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து பஸ் மாறி வந்து, தன் அடுப்பு இருந்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் தண்ணீரில் இறங்குகிறாள். அந்த இடத்தில் நடக்க வருகிறவர்களுக்காக ஒரு கல் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். "ஏரி இப்பதான் நல்லா இருக்கு. நாங்க இருந்தப்ப நாறும்" என்று அவளே நியாயமும் சொல்வாள். ஆனால் அந்த பெஞ்சில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

இந்த வருஷம் மேற்கு மூலைப் புதரில் நீர்க்கோழி கூடு வைத்தது. கண்டுபிடித்த அன்று அவளைப் பிடிக்க முடியவில்லை. வெற்றிலையை நாலு பேருக்குப் பங்கிட்டாள். குஞ்சுகள் தண்ணீரில் இறங்கும்வரை அந்தப் புதரைத் தொடவேண்டாம் என்று மேஸ்திரியிடம் கெஞ்ச, அவரும் கல்நெஞ்சர் அல்ல, சரி என்றார்.

படகுத்துறைக்கு இடம் ஒதுக்க ஞாயிற்றுக்கிழமை மெஷின் வருகிறது என்று கேள்விப்பட்டாள். மெஷின்காரனுக்கு எந்தப் புதர் என்று எப்படித் தெரியும்? மகளின் பழைய சிவப்புச் சட்டையை வாங்கிக் கிழித்தாள். பறவைக்குத் துணி தைக்கப் போகிறாயா என்று மகள் சிரித்தாள். சனிக்கிழமை வேலை முடிந்து மற்றவர்கள் போன பிறகு, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி அதை நாணலின் உச்சியில் இறுக்கிக் கட்டிவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை அந்த மூலை வெறும் தண்ணீராகக் கிடந்தது.

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான் வேற வேலையில மாட்டிக்கிட்டேம்மா. துணி கட்டினதை மட்டும் எடுத்துடுன்னு போன்ல சொல்லிட்டேன். எடுக்க வேண்டியதுக்குத்தானே நாங்க சிவப்பு கட்டுவோம். நீயும் கட்டியிருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கையால் அறுக்கிறவர்களுக்குத் துணி கட்டும் வழக்கமே இல்லை. மெஷின் வேலையின் அடையாளம் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? பாவம், கோபப்படுவதற்குக்கூட இன்னார் என்று ஒரு ஆள் இல்லை.

"அது எந்திரிச்சுதாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். மேஸ்திரி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டார்.

அன்று டாக்டரம்மா என்று யாரும் கூப்பிடவில்லை. அவள் வழக்கம்போல எண்ணெய் தடவி, சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். மற்றவர்கள் பக்கம் போகாமல் நேராக மேற்கு மூலைக்கு நடந்தாள். தண்ணீர் மார்பு வரை ஏறி, பையிலிருந்த வெற்றிலை நனைந்தது. அரிவாளை முதுகுப்புறம் செருகிக்கொண்டு, இரண்டு கைகளாலும் தண்ணீரை மெல்ல விலக்கி, குனிந்து உள்ளே பார்த்தாள்.