நூற்றுப் பதினெட்டாம் சேனல்

அது பொறாமைதான் என்று ஒத்துக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. அப்போது நியாயமான கோபம் என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கள்ளக்குறிச்சியில் ஒரு கணினி மையத்தில் வேலை. அங்கே சும்மா கிடந்த வீடியோ ரெக்கார்டரை முதலாளியிடம் கேட்டு எடுத்துவந்தேன். அம்மா வடக்கனந்தல் பக்கம் களையெடுக்கப் போகிறவள். மதியம் ஒன்றரை மணிக்கு வரும் தொடரை அவளால் பார்க்க முடியாது. பதிந்து வைத்தால் சாயங்காலம் பார்க்கலாம்.

ரெக்கார்டரிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வரும். நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு விளக்கு. அதைச் செட்டாப் பாக்ஸின் முன்பக்கம் ஒட்டிவிட்டால், நேரம் வந்ததும் ரிமோட் போல அதுவே சேனல் எண்ணை அமுக்கிவிடும். அம்மாவின் சேனல் நூற்றுப் பதினெட்டு.

"எம்பொண்ணு டிவிக்கே டூட்டி போட்டுட்டா" என்று அம்மா களையெடுக்கிற கொல்லையில் எல்லாரிடமும் சொன்னாளாம். அந்த ஒரு பேச்சு எனக்குப் பட்டத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நாலு நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு மூன்று எண்களில் ஒன்று போய்ச் சேராமல், பெட்டி பதினெட்டிலோ பதினொன்றிலோ நின்றது. அம்மா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் யாரோ மடிநோய்க்கு மருந்து சொல்லிக்கொண்டிருப்பார்.

"இன்னாடி இது? அந்தப் பொண்ணுக்குத் தாலி ஏறுற அன்னிக்கு மாட்டு டாக்டரு வந்து நிக்கிறாரு!"

ஆங்கிலக் கையேட்டை இரண்டு முறை படித்தேன். எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையே நேரத்தைக் கூட்டினேன். ரெக்கார்டரில் பெட்டிக்கான குறியீட்டு எண்ணை மாற்றினேன். இரண்டு வாரம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்து பக்கத்தில் குந்தினாள். சின்னசேலத்துப் பெண். எட்டாவதோடு நின்றவள்.

"ஆயுத பூசையிலேர்ந்து ரிமோட்ட கிட்ட கொண்டுபோயி அமுக்குனாதான் மாறுது பாப்பா. அந்தக் கறுப்புக் கண்ணாடியில நீ வச்ச பொட்டு அடைச்சிக்கினு இருக்குது பாரு."

விளக்கை விலக்கிப் பார்த்தேன். பூசையன்று, படித்த பெண் வைக்கட்டும் என்று வீட்டில் என்னிடம்தான் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்திருந்தார்கள். பெட்டியின் முகத்துக்கு நடுவில், சமிக்ஞை வாங்கும் கண்ணாடி மேலேயே, கெட்டியாக அப்பியிருந்தேன். அதன்மேல் குங்குமம் வேறு. கழற்றியிருந்த விளக்கையும் பூசை முடிந்து அதன்மேலேயே திரும்ப ஒட்டியிருந்தேன். நான் டிவி பார்ப்பதில்லை; அதில் எனக்கொரு பெருமை. அண்ணி தினமும் பார்க்கிறவள்.

ஈரத்துணியால் துடைத்தாள். விளக்கைத் திரும்ப ஒட்டினாள். மறுநாள் நூற்றுப் பதினெட்டு வந்தது; அதற்கடுத்த நாளும்.

"எம்மருமவ கையி பட்டாப் போதும்" என்றாள் அம்மா. கொல்லையிலும் அந்தப் பேச்சுதான் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினேழு வருடம் படித்தவள் நான். துணியால் துடைத்தவள் அவள்.

வியாழக்கிழமை காலை, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அந்த விளக்கைப் பிய்த்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனேன். ரெக்கார்டர் தவறினால் அம்மா மறுபடி என்னைத்தான் தேடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சாயங்காலம் தொடர் பதிவாகியிருக்கவில்லை. நான் இரண்டடி தூரத்தில், கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். அம்மா அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள்.

"எம்மா, இங்க வா! உன் பெட்டி மக்கர் பண்ணுது."

உன் பெட்டி.

அண்ணி ஈரக் கையோடு வந்தாள். சுவரைப் பார்த்துக் கிடந்த விளக்கை எடுத்தாள். ஒட்டியிருந்த டேப் நகத்தால் உரிக்கப்பட்டிருந்ததைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பல்லி ஓடியிருக்கும் அத்த" என்று சொல்லிவிட்டுப் புது டேப் தேடினாள்.

"அந்தப் பல்லி நாசமாப் போவ!" என்று அம்மா தொடங்கினாள். திட்டு முழுவதையும் உட்கார்ந்து கேட்டேன். அண்ணி காட்டிக்கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நல்லவள் என்ற பேரையும் அவளே எடுத்துக்கொண்டாளே என்றுதான் அன்றைக்கு எனக்கு எரிந்தது.