கட்டைப் பென்சில் டீச்சர்

கல்முனையில் நடந்த விசேட கல்விப் பயிற்சியில் அந்த டீச்சர் என் பக்கத்தில் இருந்தார். கறுப்பு அபாயா, கையில் கட்டைப் பென்சில். பிள்ளை ஒவ்வொன்றுக்குமான கல்வித் திட்டத்தை என் மடிக்கணினி நிமிடத்தில் எழுதித் தரும். ஆனால் பயிற்றுநர் வாசித்துக் காட்டியது அவருடைய கொப்பியில் இருந்த ஒற்றை வரியைத்தான்: "தானே செருப்பு மாட்டிக்கொள்வாள்." எனக்கு வயிறு எரிந்தது.

"எப்படி டீச்சர் எழுதுறீங்க?"

"புள்ளட உம்மாக்கிட்டக் கேப்பன், புள்ள என்னத்தத் தானாச் செஞ்சா ஒங்களுக்கு மூச்சு உட ஏலும் எண்டு. சொல்றத எழுதுவன். புள்ள பழகினா அழிச்சிட்டு அடுத்தத எழுதுவன்."

வீட்டில் என் திட்டங்களைத் திறந்தேன். ஆறு பிள்ளைகளுக்கும் ஒரே இலக்கு. பெயர் மட்டும் வேறு.

இப்போது நானும் அதையேதான் கேட்கிறேன். "நல்ல கேள்வி டீச்சர்" என்று உம்மாமார் சொல்லும்போது, அது யாருடைய கேள்வி என்று மட்டும் நான் வாய் திறப்பதில்லை.