டிவியில் சத்தம் நின்ன அன்னைக்கு

இது நடந்து நாலு வருசம் இருக்கும். சேலத்துக்கு மேல மலையில், நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில், வேலைக்குப் போறவங்களோட பிள்ளைங்களைப் பார்த்துக்கிற பால்வாடியில் ஆயாவாக இருந்தேன். இருபத்தாறு வருசம் அந்த வேலை. என் பார்வையில் ஒரு பிள்ளை கீழே விழுந்து அடிபட்டதில்லை. அதில் எனக்கு நொம்பப் பெருமை. எழுத்து மட்டும் கூட்டிக்கூட்டித்தான் படிப்பேன்.

அதனால எஸ்டேட்டில் கணக்கு எழுதற ரைட்டர் ஒரு டிவியைக் கொண்டாந்து மாட்டினதும் எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. தினம் காலையில் சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் வரும். ஒரு டீச்சரம்மா பாடிக்கிட்டே தலைமேல் கையை நிமிர்த்தி முயலுக்குக் காது வைப்பாங்க, மழைக்கு விரலை உதிர்ப்பாங்க, ஒண்ணு ரெண்டு எண்ணுவாங்க. மத்த பிள்ளைங்க கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் ஓடிடும். ரெண்டரை வயசுக்காரி ஒருத்தி மட்டும் டிவிக்கு ஒரு முழம் முன்னால் உட்கார்ந்து, டீச்சரம்மா செய்யறதை ஒண்ணு விடாமல் செய்வாள். செஞ்சுட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள், நான் கை தட்டுவேன். யார் வந்தாலும் அவளைக் காட்டித்தான் நான் பேசுவேன்.

அவள் அம்மா எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போற பொண்ணு. அவளையும் சின்னதில் அதே ரூமில் நான்தான் பார்த்துக்கிட்டேன். ஒரு சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, ஊட்டுல கூப்பிட்டா திரும்பியே பார்க்க மாட்டேங்கறா. பேச்சும் வரலீங்க. சேலத்துல ஒருக்கா காதைக் காட்டிட்டு வரட்டுங்களா?"

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. பகலெல்லாம் என் கண் முன்னால் இருக்கிற பிள்ளை, எனக்குத் தெரியாத குறையா?

"காது கேக்காத பிள்ளை பாட்டுக்கு இப்படி ஆடுமா கண்ணு? எல்லாம் பிடிவாதம். நீ மட்டும் என்ன, மூணு கூப்பாடு போட்டாத்தான் திரும்புவே."

அவளும் சிரிச்சுட்டுப் போயிட்டாள். அப்புறம் கேட்கவே இல்லை.

ஒன்றரை வருசம் போச்சு. அவளுக்குப் பேச்சு வராததையும் பிடிவாதம்னே நான் சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு பெருமழைக்கு மறுநாள் டிவியில் படம் வந்தது, சத்தம் வரலை. பிள்ளைங்க பாட்டு வரலைன்னு சிணுங்கி எழுந்து போயிட்டாங்க. அவள் மட்டும் எழுந்து நின்னு முயலுக்குக் காது வைத்தாள். மழைக்கு விரலை உதிர்த்தாள். சிரிச்சுக்கிட்டே, வழக்கம்போல நான் கை தட்டறேனான்னு திரும்பிப் பார்த்தாள்.

எனக்குக் கை எழும்பலை. அவள் மறுபடி படத்துப் பக்கம் திரும்பினதும் பின்னால் நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கரண்டியால் சோத்துத் தட்டை ஓங்கி அடித்தேன். தூளியில் தூங்கின கைப்பிள்ளை வீரிட்டு அழுதது. அவள் தலை திரும்பலை.

மறுநாளே அவள் அம்மாவும் நானும் அவளைச் சேலத்துக்குக் கூட்டிப் போனோம். பிறவியிலேயே கேட்கலைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கருவி வைக்கலாம், ஆனா இத்தனை நாள் கடத்தியிருக்கக் கூடாது, முன்னாடியே வந்திருந்தா பேச்சு நல்லா வந்திருக்கும்னாங்க. பஸ் மலை ஏறி முடிக்கிற வரைக்கும் அவள் அம்மா பிள்ளையோட காதோரத்தைத் தடவிக்கிட்டே வந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இறங்கும்போதுதான் சொன்னாள்.

"நீங்க சொன்னா சரியா இருக்கும்னு இருந்துட்டனுங்கம்மா."

அந்த மாசமே வேலையை விட்டுட்டேன். கருவி வெச்சும் அவளுக்கு நாலு வார்த்தைக்கு மேல் வரலை. இப்போ சேலத்தில் காது கேட்காத பிள்ளைங்க பள்ளிக்கூடத்தில், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் என்னைத் தேடி வந்து, முயலுக்குக் காது வைத்துக் காட்டிட்டு என் முகத்தையே பார்ப்பாள். நானும் கை தட்டுவேன்.

பாட்டைக் கேட்டு ஆடறான்னு நான் ஊரெல்லாம் சொன்ன பிள்ளை டீச்சரம்மா கையையும் என் முகத்தையும் பார்த்துத்தான் அத்தனை நாளும் ஆடியிருக்கிறாள். அந்த முகத்தில் அப்போ இருந்த கர்வத்தை இனி எங்கே கொண்டுபோய் இறக்கி வைக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெரியலை.