சண்டிலிப்பாயில் கிடந்த கறுப்பு ஹல்

அந்தப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவேயில்லை. பேசிய நேரமெல்லாம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். விற்கிற மனிதர் ஏன் வாங்குபவனின் கைகளைப் பார்க்கிறார் என்று நான் யோசித்தேன். நல்ல காரணம் ஒன்றும் தோன்றவில்லை.

இடம் சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைக் கொட்டில். மேலே வெங்காயப் பிடிகள் தொங்கின. கீழே, சாக்குகளுக்கு நடுவே, இரண்டு ஜெட் ஸ்கீ ஹல்கள் கவிழ்ந்து கிடந்தன. ஹல் என்றால் எஞ்சினும் பம்பும் இல்லாத வெற்று உடல். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. ஐரோப்பாவில் இருக்கும் ஒருவர் வீட்டுச் சாமான்களோடு கொள்கலனில் அனுப்பியவை. மகனுடைய விடுமுறை விளையாட்டுக்காக வந்தவை, எஞ்சின் பூட்டும் முன்பே மகனுக்கு ஆசை விட்டுப்போயிற்று. பெரியவர் அந்த மகனின் சின்னத் தாத்தா முறை. விற்றுவிடச் சொல்லி அவருக்குப் போன் வந்திருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதன் பிறகு ஓரிடத்தில் நிலைத்ததில்லை. கடைசியாக வேலை செய்தது வளைகுடாவில், கடற்கரையில் ஜெட் ஸ்கீ வாடகைக்கு விடும் ஒரு கொட்டகையில். அங்கேதான் நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கீயைப் பழகினேன். அதற்கு இருக்கை கிடையாது. முன்னாலிருந்து நீளும் ஒற்றைத் தண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அலையே இல்லாத தண்ணீரில் அதன் மூக்கை அமிழ்த்தி எழுப்பி, ஆளோடு சேர்த்துப் பின்பக்கமாகக் கரணம் அடிக்க வைப்பதுதான் வித்தை. வாடிக்கையாளர்கள் போன பிறகு பழகினேன். இரண்டு விலா எலும்பும் ஒரு கடைவாய்ப் பல்லும் அதில் போயின. விலா தானாக ஒட்டிக்கொண்டது.

திரும்பி வரும்போது, ஹல் வெடித்த ஒரு பழைய மெஷினிலிருந்து எஞ்சின், பம்ப், தண்டு மூன்றையும் கழற்றிக் கப்பலில் அனுப்பினேன். உடல் இல்லாமல் அவை என் வீட்டுக் குசினிச் சுவரோரம் கிடந்தன. கடல்நீரேரிக் கரையில் விடுதி நடத்தும் ஒருவர், விருந்தினருக்கு முன்னால் வாரக் கடைசியில் கரணம் அடித்துக் காட்டினால் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். அனுமதி எடுப்பது அவர் பொறுப்பு. ஆனால் முதலில் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். அது நடக்காவிட்டால் மறுபடி வளைகுடா. இங்கே பக்கத்தில் உள்ள திருநெல்வேலியில் ஓர் ஏஜென்சிக்காரர் என் கடவுச்சீட்டை ஏற்கனவே வாங்கி வைத்திருந்தார்.

"திரும்பப் போறதெண்டால் இந்த முறை பெட்டியை நீங்களே அடுக்குங்கோ. நான் தொடவும் மாட்டன்" என்று மனைவி சொல்லியிருந்தாள்.

ஆகவே எனக்கு வேண்டியது ஒரு ஹல். ஆனால் எந்த ஹல்லும் ஆகாது. ஜெட் ஸ்கீ செய்கிற கம்பனியின் சொந்த உடல் நீளமானது, பாரமானது, நேராகப் பாய்வதற்கு. அலை இருந்தால் அதையும் தூக்கி எறியலாம். நீரேரியில் அலை ஏது? ஹல் தானே எழும்ப வேண்டும். கட்டையாக இருக்க வேண்டும். அடிப்பாகம் மூக்கை நோக்கி வாழைப்பழம்போல வளைய வேண்டும். மூக்கு பருத்திருந்தால்தான் தண்ணீருக்குள் அமிழ்த்தியதும் பந்துபோலத் துள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக இலேசாக இருக்க வேண்டும். இப்படிப்பட்டவற்றை வேறு ஆட்கள் தனியாக வார்த்து விற்கிறார்கள். நல்லவை கார்பன் துணியில் செய்தவை.

வெள்ளையைத் தூக்கிப் பார்த்தேன். நீளம். அடி தட்டை. கறுப்பு நான் கனவில் கண்ட வடிவம். எஞ்சின் பூட்டும் துளைகள்கூட என் எஞ்சினுக்குச் சரி. அதனாலேயே சந்தேகம் கூடியது. சரியான சாமான் எனக்காக எங்கும் காத்துக் கிடந்ததில்லை.

"இது கார்பனோ ஐயா?"

"அப்பிடித்தான் சொன்னவங்கள்."

புகையிலை நிறுக்கும் தொங்கு தராசு கொட்டிலிலேயே இருந்தது. கயிறு கட்டி இரண்டையும் தூக்கினோம். கறுப்பு வெள்ளையைவிடப் பாரம். நான் கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடி நிறுத்தேன். அதே நிறைதான். கார்பன் என்றால் பாதி நிறையாவது குறைய வேண்டும்.

மூன்று காரணங்கள் இருக்கலாம். கண்ணாடி நாரில் செய்துவிட்டுக் கறுப்பு அடித்திருக்கலாம். உள்ளே இருக்கும் நுரைக்கட்டிக்குள் தண்ணீர் ஊறியிருக்கலாம். உடைந்ததை ஒட்டி மறைத்திருக்கலாம். எஞ்சின் குழிக்குள் தலையை விட்டு மணந்தேன். ஊறிய நாற்றம் இல்லை, வெங்காய மணம்தான் வந்தது. அடிப்பாகத்தில் கொஞ்சம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். கார்பன் என்றால் கறுப்புத் தூள் விழும், கண்ணாடி நார் என்றால் வெள்ளைத் தூள்.

"சுரண்டுறதெண்டால் வாங்கிக் கொண்டுபோய்ச் சுரண்டும்" என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "இலேசாய் இருக்கவேணும் எண்டுறீர். கெதியாய் ஓடவேணும் எண்டுறீர். உமக்குப் பின்னாலை ஆர் நிக்கிறது?"

"ஒருத்தருமில்லை ஐயா. நான் தனிய."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த முறை மச்சானைக் கூட்டிப் போனேன். மனைவியின் அண்ணன், குருநகரில் பைபர் படகு செய்கிறவன். பைபரைக் கையால் தடவியே நோயைச் சொல்லுவான். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வழியெல்லாம் கதைத்துக்கொண்டு வந்தவன், சண்டிலிப்பாயில் நான் ஒழுங்கைக்குள் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டான்.

"உந்த ஒழுங்கையோ?" என்று மட்டும் கேட்டான்.

படலையைத் திறந்த பெரியவர் என்னை விட்டுவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தார். "வாரும் தம்பி. போன தரம் தேத்தண்ணியும் குடியாமல் ஓடிட்டீர்."

இவர்களுக்குள் பழக்கம் இருக்கிறது. ஹல்லைப் பற்றி நான் வீட்டில் எத்தனை தரம் சொன்னேன். ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. தரகு வாங்குகிறானா? அல்லது தங்கையின் புருஷன் கடலில் கழுத்தை முறிப்பான் என்று நினைத்து, வாங்கவிடாமல் செய்ய வந்தானா? இரண்டுக்கும் பொருந்துகிற முகம்தான் அவனுடையது.

கொட்டிலுக்குள் அவன் கறுப்பு ஹல்லைத் தடவவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தான்.

"மச்சான், இது நான் செய்த வேலை" என்றான்.

"என்ன வேலை?"

"அடியிலை பாய் போட்டனான்." பாய் என்பது பைபர் படகுக்கு ரெசின் பசை தோய்த்து ஒட்டும் கண்ணாடி நார் விரிப்பு. "ஐயா கூப்பிட்டவர். ஏதோ சின்ன வள்ளம் எண்டு நினைச்சன். தட்டினால் பப்படம் மாதிரி இருந்தது. உதைக் கல்லுக்கரையிலை ஒரு இழுவை இழுத்தால் அடி கையோடை வந்திடும். ஆரேன் சாகப்போறாங்கள் எண்டு நல்லாய்ப் போட்டு, மேலை கறுப்பும் அடிச்சுக் குடுத்தன். நீ ஜெட் ஸ்கீ எண்டு சொல்லிக்கொண்டு திரியேக்கை, உந்தச் சாமான்தான் அது எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"

குருநகரில் யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவர்களுக்கு நல்ல படகு என்றால் தடித்த படகு. கரையில் இழுக்க வேண்டும், கல்லில் உரச வேண்டும், பத்து வருஷம் நிற்க வேண்டும். மெல்லிய படகைக் கண்டால் செய்தவன் ரெசினைத் திருடிவிட்டான் என்றுதான் நினைப்பார்கள்.

"நான்தான் பலப்படுத்துவிச்சனான்" என்றார் பெரியவர், பெருமையோடு. "ஐரோப்பாவிலையிருந்து அந்தப் பொடியன் வந்து ஓடேக்கை ஒண்டும் நடந்திடக்கூடாதெண்டு."

"பிறகேன் ஐயா எனக்குச் சொல்லேல்லை?"

அவர் மறுபடியும் என் கைகளைப் பார்த்தார். "நீர் இலேசாய்த்தான் வேணும் எண்டீர். கெதியாய் ஓடவேணும் எண்டீர். தனிய எண்டீர். எனக்கென்ன தெரியும்? கஞ்சா ஏத்திக் கடத்திற கையோ எண்டுதான் பாத்தன். நாளைக்குப் பிடிபட்டால் உது ஆருடைய கொட்டிலிலை கிடந்தது எண்டெல்லோ முதல் கேப்பாங்கள்."

மச்சான் சாக்கின் மேல் இருந்து சிரித்தான். "ஐயா, உதிலை உவன் ஒற்றை ஆள் நிக்கவே இடமில்லை. கஞ்சாவைக் காதிலையோ வைக்கிறது?"

பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

இனி முடிவெடுக்க வேண்டியவன் நான். வெள்ளையில் ஒளிவுமறைவு இல்லை, ஆனால் அது நீரேரியில் எழும்பாது. கறுப்பின் அடிக்குள் உண்மையில் கார்பன் இருந்தால், மேலே உள்ள பாயை அரைத்து எடுக்கலாம். இல்லாவிட்டால் அரைத்து முடிந்ததும் என்னிடம் ஒன்றும் மிஞ்சாது. மச்சானின் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவன் சொல்லையும் அன்று காலையிலிருந்து நான் முழுதாக நம்பவில்லை.

காசைக் கொடுத்து, சின்ன லொறி ஒன்று பிடித்து, மச்சானின் பட்டறைக்குக் கறுப்பைத்தான் ஏற்றினோம்.

அவன் கைவேலை சுத்தமில்லாமல் இருந்திருந்தால் பாய் தோல்போல உரிந்து வந்திருக்கும். அவனோ நன்றாக உரசி, துடைத்து, முறையாக ஒட்டியிருந்தான். ஒரு விரல் அளவுகூட உரியவில்லை. அரைக்கும் மெஷினை அவனே பிடித்தான், வாயில் துணியைக் கட்டிக்கொண்டு. நான் பக்கத்தில் குந்தி, கீழே விழும் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புப் பெயின்ட் போனபின் வெள்ளை. மறுபடி வெள்ளை. உடம்பெல்லாம் அரித்தது.

"பாத்தது காணும், போய்த் தேத்தண்ணி கொண்டா" என்றான்.

"நீ அரை. நான் இருக்கிறன்."

"என்னடா, களவெடுக்கப் போறனோ?"

நான் எழும்பவில்லை. மூக்குக்குக் கீழே வளைவில் தூள் சாம்பலாகி, கறுத்தது. "நில்!" என்று கத்தினேன். அவன் அதற்கு முன்பே மெஷினைத் தூக்கிவிட்டிருந்தான். நெய்த துணியின் கட்டங்கள் அங்கே தெரிந்தன. அதைப் பார்த்த பிறகுதான் நான் தேத்தண்ணிக்குப் போனேன். முழு அடியையும் அவனே, அந்த எல்லையில் பிடித்து, அரைத்து முடித்தான். கடைசியில் தராசில் போட்டபோது வெள்ளை ஹல்லின் பாதிக்குக் கொஞ்சம் மேல் வந்தது.

எஞ்சின், பம்ப், தண்டு மூன்றையும் பூட்டி விடுதிக்குக் கொண்டுபோனோம். அதற்கு முன்னால் தண்ணீர் ஆழமான ஓர் இடம் உண்டு. அங்கே விடுதிக்காரர் கதிரை போட்டு இருந்தார். முதல் தரம் மூக்கு எழும்பியது, நான் முக்கால் வட்டம் போய்ப் பக்கவாட்டில் விழுந்தேன். வாயெல்லாம் உப்பு. இரண்டாம் தரம் தலைக்கு மேலே தண்ணீரும் காலுக்குக் கீழே வானமும் மாறிப்போய், மறுபடி காலடியில் தட்டையாகத் தண்ணீர் வந்து அறைந்தது. நின்றேன். கரையைப் பார்த்தேன். விடுதிக்காரர் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கால் செய்யும். நான் பாக்கேல்லை" என்று கத்தினார்.

செய்தேன். இந்த முறை போனை மடியில் வைத்துவிட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். கரைக்கு வந்ததும் ஹல்லைப் புரட்டி, அடியை முழுதாகத் தடவினேன், எங்காவது மயிர்க்கோடு விட்டிருக்கிறதா என்று. மச்சான் பக்கத்தில் நின்று தலையைத் துவட்டத் துவாயை நீட்டினான். வெடிப்பு இல்லை.

மறுநாள் திருநெல்வேலிக்குப் போய்க் கடவுச்சீட்டைத் திருப்பிக் கேட்டேன். ஏஜென்சிக்காரர் அதை மேசை லாச்சியிலிருந்து எடுத்தார், ஆனால் தரவில்லை.

"உண்மையைச் சொல்லும் தம்பி. எந்த ஏஜென்சிக்குப் போறீர்?"

"ஒண்டுக்குமில்லை அண்ணை. இஞ்சை வேலை கிடைச்சிட்டுது."

"என்ன வேலை?"

"தண்ணியிலை கரணம் அடிக்கிறது."

அவர் ஒரு சொல்லையும் நம்பவில்லை. பிறகு கடவுச்சீட்டை மேசையில் என் பக்கமாகத் தள்ளிவிட்டார்.