டீப் டிப்ரஷனும் இருபது முழக் கயிறும்

சாந்தோமில் மர்சலினுக்குத் தெரியாமல் ஒரு புயலும் கரையேறியதில்லை. வங்காள விரிகுடாவே அவளிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்பும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். அவள் கணவர் லியோனார்ட் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறவர். கடல் சேதி சோற்றுத் தட்டுக்கே வந்துவிடும். "டிப்ரஷன்" என்றால் முதல் கூண்டு. "டீப் டிப்ரஷன்" என்றால் விறகை உள்ளே தூக்கி வை. அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு வேறு அர்த்தமும் உண்டென்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

1946 ஐப்பசி. யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும், ரங்கூன் போன கணவரின் தம்பி வில்லியமிடமிருந்து ஒரு கடுதாசி இல்லை. லியோனார்ட் முதலில் பேச்சை நிறுத்தினார், பிறகு சோற்றை, பிறகு வேலைக்குப் போவதை. கிணற்றடியில் உட்கார்ந்து கிழக்கையே பார்ப்பார்.

அன்று காலை கச்சேரி சாலை டாக்டரிடம் போய்வந்தவர், லீவுச் சீட்டை அவளிடம் நீட்டினார். முதல் வரி "டீப் டிப்ரஷன்". அடுத்த வரி கோழிக் கிறுக்கல். டாக்டருக்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். துறைமுகத்து ஆட்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். சேதி அவர் காதுக்கு முந்தி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பரணிலிருந்து இருபது முழக் கயிற்றை இழுத்துக் கணவர் மடியில் போட்டாள். "அடுப்படிக் கூரையக் கட்டுங்க, புயலு வருது!" என்று சொல்லிவிட்டுத் தெருவை எச்சரிக்க ஓடினாள்.

மீன்காரி தேவானை வானத்தை அண்ணாந்து பார்த்தாள். "இன்னாக்கா, தொடச்சி வச்ச கண்ணாடியாட்டம் கீது. புயலு ஒன் வூட்டுக்கு மட்டும் வருதா?"

மர்சலினுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சீட்டோடு நேரே டாக்டர் வீட்டுக்குப் போனாள். கம்பவுண்டர் அப்துல் கய்யூம் வாங்கிப் படித்தார்.

"இது கடல்ல இல்லம்மா. மனசுல. ரொம்ப ஒடிஞ்சி போயிருக்காருன்னு அர்த்தம்."

"அப்போ புயல் இல்லியா, பாய்?"

"அது கெடக்கட்டும். ரெண்டாவது வரியப் பாத்தீங்களா? தனியா விடக்கூடாதுன்னு எழுதிக்கீறாரு. வூட்ல இப்ப யாரு கீறாங்க?"

மகள் ஃப்ளோரா பள்ளிக்கூடத்தில். வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை. கயிறு இருந்தது.

செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு வார்த்தை வாயில் வரவில்லை. கிணற்றடி காலி. கயிறும் இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்; தண்ணீர் அசையாமல் அவள் முகத்தையே காட்டியது. அறைக் கதவைத் தள்ளக் கை எழவில்லை.

தோளில் ஒரு காய்ந்த ஓலை விழுந்தது.

அண்ணாந்தாள். அடுப்படிக் கூரைமேல் லியோனார்ட், பல்லில் கயிற்று நுனியைக் கடித்தபடி. இருபது நாளுக்கு அப்புறம் முதல் பேச்சு: "எத்தனாம் நம்பர் கூண்டு?"

"மூணு" என்றாள், பொய்யாக.

"மூணுக்கு இது தாங்காது. இன்னும் கயிறு கொண்டா."

அவள் நகரவில்லை. ஏணியின் காலைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த டிப்ரஷன் அன்று சாயங்காலமே கரையைக் கடந்தது.

என்று நான் கதையை முடித்தால், இத்தனை வருஷம் கழித்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஃப்ளோரா விடுகிறாளா?

"கரையெல்லாம் கடக்கல. வலு கொறஞ்சுது, அவ்ளோதான். ஒவ்வொரு ஐப்பசிக்கும் திரும்பி வந்துச்சு. அம்மாவும் ஒவ்வொரு தடவையும் புயலு வருதுன்னு பொய் சொல்லி, ஏணியப் புடிச்சிக்கினு நின்னாங்க."